ஒரு நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் காற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிராண்ட்பாஸில் ஓர் ஒழுங்கைக்குள் கராஜ் வைத்து 31 வருடங்களாகக் கார்களுக்கு வர்ணம் பூசி வருகிறேன். அதற்கு முன்னர் மருதானையில் ஒரு சிங்கள பாஸிடம் பட்டி தேய்க்கும் பையனாகச் சேர்ந்து, ஸ்பிரே கன்னைக் கையில் வாங்கும்வரை 13 வருடங்கள் இருந்தேன். தங்கள் பத்திரிகைக்கு இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. இன்று எழுதவைத்தது என் அக்கா மகனுக்கு நேர்ந்த நட்டம். அவனைப் போல இன்னும் எத்தனை பிள்ளைகள் இதே நட்டத்தில் விழுந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் இரவில் உறக்கம் வருவதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 தொடக்கத்தில்தான். இடையில் ஐந்து வருடங்கள் எல்லோரும் இருக்கிற பழைய காரையே திருத்தி, வர்ணம் பூசி ஓட்டினார்கள். எங்கள் தொழிலில் வேலை பெருகியது. கன் பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் பலர் முதலாளியிடமிருந்து விலகித் தனியாகத் தொடங்கினார்கள். என் மருமகனும் வத்தளையில் ஒரு வீட்டின் பின்புறத்தைக் கூலிக்கு எடுத்து, அக்காவின் இரண்டு காப்புகளை அடகு வைத்து, ஒரு கொம்பிரசர் வாங்கினான். பத்திரிகைகளில் இதைக் காற்றமுக்கி என்று எழுதுகிறார்கள். தொழிலில் எல்லோருக்கும் அது கொம்பிரசர்தான்.

என்னிடம் கேட்காமல் வாங்கிவிட்டான் என்பதில் எனக்குக் கோபம் இல்லை. மாமாவுக்குச் சுமை கொடுக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறான். கடைக்காரர் காட்டியதை நம்பினான்: 2 குதிரைவலு, 50 லீற்றர் தாங்கி, நிமிடத்துக்கு 206 லீற்றர் என்று பளிச்சென்ற ஸ்டிக்கர். “கார் முழுவதும் அடிக்கலாம் தம்பி” என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள்.

அவனுக்குக் கிடைத்த முதல் முழுக் கார் சாம்பல் நிற மெட்டாலிக் வேகன் ஆர். கூரையில் வர்ணம் அடித்ததும் ஆகாயத்தில் மேகம் திரண்டதுபோல ஓரிடம் கறுத்தும் ஓரிடம் வெளுத்தும் நின்றது. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தான், மறுபடியும் அதே மேகம். மூன்றாவது முறை பூசிய பிறகு என்னை அழைத்து, “மாமா, என் கையில் பிழையா?” என்று கேட்டான். நான் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையில் ஒரு குறையும் இல்லை. கன்னைப் பிடிக்கும் தூரம், நகர்த்தும் வேகம், ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பட்டை எல்லாம் நான் கற்றுக்கொடுத்தபடியே இருந்தன. பிழை காற்றில் இருந்தது. தொடங்கும்போது அழுத்தம் நன்றாக இருக்கிறது, கூரையின் பாதிக்கு வருவதற்குள் விழுந்துவிடுகிறது. அழுத்தம் விழுந்தால் வர்ணம் பெரிய துளிகளாக ஈரமாய் விழும். மெட்டாலிக் வர்ணத்தில் மினுங்குவதற்காகக் கலந்திருக்கும் அலுமினியத் துகள்கள் அந்த ஈரத்துக்குள் அமிழ்ந்துபோகும், அந்த இடம் கறுத்துத் தெரியும். வெள்ளைக் காரில் இதை மறைத்துவிடலாம். மெட்டாலிக் மறைக்கவிடாது.

அன்று அவன் கண்முன்னே ஒரு சோதனை செய்து காட்டினேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்லவந்ததும் அதுதான்.

தாங்கியின் வெளிவழியை மூடிவிட்டு இயந்திரத்தை ஓடவிடுங்கள். அழுத்தமானியின் முள் 4 பாரை (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) தொடும்போது கைத்தொலைபேசியின் கடிகாரத்தைத் தொடங்குங்கள், 7 பாரைத் தொடும்போது நிறுத்துங்கள். 50 லீற்றர் தாங்கியில் அழுத்தம் 3 பார் ஏறியிருக்கிறது என்றால் உள்ளே புகுந்த காற்று 50 பெருக்கல் 3, அதாவது 150 லீற்றர். மருமகனின் இயந்திரம் அதற்கு 82 விநாடி எடுத்தது. 150 ஐ 82 ஆல் வகுத்து 60 ஆல் பெருக்கிப் பாருங்கள்: நிமிடத்துக்கு 110 லீற்றர். ஸ்டிக்கரில் எழுதியிருப்பது 206. உள்ளே போகிற காற்று சூடாக இருப்பதால் இந்தக் கணக்கு உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆகவே 110 கூட அந்த இயந்திரத்துக்கு நாம் தாராளமாகக் கொடுத்த மதிப்பெண்தான்.

ஸ்டிக்கரில் இருப்பதை முழுப் பொய் என்றும் சொல்லமுடியாது. பிஸ்டன் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இடத்தைத் துடைத்து எடுக்கிறதோ அந்த அளவை எழுதியிருக்கிறார்கள். அழுத்தம் ஏற ஏற ஒவ்வொரு அடியிலும் பிஸ்டனின் தலையில் கொஞ்சம் காற்று மிஞ்சி நிற்கும், வால்விலும் வளையத்திலும் கசியும், வெப்பத்தில் விரிந்த காற்றுக்கும் இடம் போகும். கடைசியில் 6 பார் அழுத்தத்தில் வெளியே வருவது எவ்வளவு என்பதே வர்ணக்காரனுக்கு வேண்டிய எண். அதை எழுதாமல் பெரிய எண்ணை மட்டும் எழுதி விற்பதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

இப்போது கன்னின் பக்கத்தைப் பாருங்கள். மருமகனிடம் இருந்தது குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றை வீசும் வகைக் கன். வர்ணம் வீணாகாது, நல்ல கன். அதன் பெட்டியிலேயே நிமிடத்துக்கு 350 லீற்றர் வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. வருவது 110, போவது 350. தாங்கியில் 8 பார் நிரம்பியிருந்து 3 பாருக்கு இறங்கும்வரை கிடைக்கும் இருப்பு 250 லீற்றர். நிமிடத்துக்கு 240 லீற்றர் துண்டு விழுந்தால் அந்த இருப்பு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு கூரைக்கு ஒரு பூச்சு அடிக்க இரண்டு மூன்று நிமிடங்களாவது வேண்டும். மேகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பலர் பெரிய தாங்கி வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். தாங்கி தண்ணீர்த் தொட்டியைப் போன்றது. தொட்டியைப் பெரிதாக்கினால் கிணற்றில் ஊறும் நீர் கூடிவிடாது. பெரிய தாங்கியின் அருமையை நான் முழுமையாக உணர்ந்தது 2022 மார்ச் இறுதியில், ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தபோதுதான். பொனட்டின் நடுவில் மின்சாரம் போனால், 300 லீற்றர் தாங்கியில் இருந்த காற்று அந்தப் பொனட்டை முடிக்கக் கைகொடுத்தது. அந்த நன்மையை மறுக்கமாட்டேன். ஆனாலும் முதலில் பார்க்கவேண்டியது பம்பை.

என்ன வாங்கலாம் என்று கேட்கிற தம்பிகளுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். 350 லீற்றர் குடிக்கும் கன்னால் முழுக் கார் அடிப்பதாக இருந்தால், உண்மையில் 450 லீற்றராவது தரும் இயந்திரம் வேண்டும். கன் வாயைத் திறந்த நேரமெல்லாம் பம்பும் ஓடிக்கொண்டே இருந்தால் அது சூடேறிச் சீக்கிரம் தேயும். அந்த அளவுக்கு ஐந்து, ஐந்தரைக் குதிரைவலு, பெல்ட்டில் ஓடும் பம்பு, மும்முனை மின்சாரம் எல்லாம் தேவைப்படும். ஒழுங்கைக்குள் வீட்டு மின்சாரத்தில் தொழில் செய்கிறவனுக்கு அது எட்டாது. அவனுக்கு 3 குதிரைவலுவுக்கு மேல் போகமுடியாது. அது நல்ல பம்பாக இருந்தால் 230, 240 லீற்றர் கிடைக்கும். அப்படியானால் நிமிடத்துக்கு 200 லீற்றருக்குள் அடங்கும் சிறிய கன்னை வாங்கட்டும். கதவு கதவாக, பொனட் தனியாக, பூட் தனியாக அடிக்கட்டும். கன்னின் பெட்டியில் உள்ள எண்ணை முதலில் படித்து, அதற்கு ஏற்ற கொம்பிரசரைத் தேடவேண்டும். நம் பிள்ளைகள் கொம்பிரசரை வாங்கிவிட்டுக் கன்னைத் தேடுகிறார்கள்.

3 குதிரைவலு மோட்டாரை 13 அம்பியர்ப் பிளக்கில் மாட்டக்கூடாது. அது தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. அதற்கென்று தனி வயரும் தனி பிரேக்கரும் போட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நீட்டிப்பு வயரில் ஓட்டி மோட்டாரைக் கருக்கியவர்களை எனக்குத் தெரியும். கார் தூரத்தில் நின்றால் காற்றுக் குழாயை நீட்டுங்கள், மின்வயரை நீட்டாதீர்கள்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் ஜப்பானிலிருந்து வந்த பழைய கொம்பிரசர்கள் கிடைக்கும். பம்புகள் அருமையானவை, வார்ப்பு இரும்பு, இன்னும் இருபது வருடம் ஓடும். நானும் ஒன்று வாங்கினேன். மோட்டாரின் தகட்டைப் படிக்காமல் வாங்கியது என் தவறு, படித்துச் சொல்லாமல் விற்றது அவர் தவறு. ஜப்பானில் மும்முனை மின்சாரம் 200 வோல்ட், இங்கே 400 வோல்ட். இணைத்த அன்றே மோட்டார் கருகியது. பம்பை மட்டும் வைத்துக்கொண்டு வேறு மோட்டார் மாட்டினேன், இன்றும் அதுதான் ஓடுகிறது. ஆகவே பழையது வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தகட்டில் வோல்ட், ஹேர்ட்ஸ் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது தண்ணீர். கொழும்பில் கார் பூசுகிறவனுக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள ஒரு நாளில், ஒரு கன மீற்றர் காற்றில் 24 கிராம் அளவு நீராவி இருக்கிறது. அந்தக் காற்றை 8 பாருக்கு அழுத்தினால் அது ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சுருங்கிக் குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியையும் தாங்கமுடியாது, பெரும்பகுதி தண்ணீராக விழும். நிமிடத்துக்கு 300 லீற்றர் வீதம் ஒரு மணித்தியாலம் அடித்தால் 18 கன மீற்றர் காற்று. அதிலிருந்து விழும் தண்ணீர் 350 கிராமுக்கு மேல். ஒரு சோடாப் போத்தல் அளவு தண்ணீர் உங்கள் தாங்கிக்கும் கன்னுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. அது கன் வழியாகப் போனால் அன்று ஒன்றும் தெரியாது. கார் பளபளவென்று வெளியே போகும், உரிமையாளர் கைகுலுக்கிவிட்டுப் போவார். சில வாரங்கள் கழித்து, மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்ட பிறகு, ஊசிமுனை அளவில் கொப்புளங்கள் எழும்பும்.

இதற்கு விலையுயர்ந்த கருவிதான் வேண்டும் என்பதில்லை. பொதுவாக நடக்கும் தவறு, காற்றில் வரும் தண்ணீரைப் பிடிக்கும் தண்ணீர்ப் பொறியைத் தாங்கியின் வாயிலேயே பூட்டுவது. பம்பிலிருந்து வரும் காற்று அங்கே இன்னும் சூடாக இருக்கிறது. தண்ணீர் ஆவியாகவே இருப்பதால் பொறிக்குள் பிடிபடாமல் தாண்டிப் போய், குழாயின் நடுவில் குளிர்ந்து தண்ணீராகிறது. என் கராஜில் தாங்கியிலிருந்து பொறிவரை சுவர் ஓரமாக 10 மீற்றர் இரும்புக் குழாய் ஓடவிட்டிருக்கிறேன். காற்று அதற்குள் குளிர்ந்துவிடும். குழாய்க்குச் சிறு சரிவு இருக்கிறது, கடைசி முனையில் தண்ணீர் வடிக்க ஒரு டப், அதாவது திறந்து மூடும் குழாய்வாய். கன்னுக்குப் போகும் கிளையைப் பிரதான குழாயின் மேற்பக்கத்திலிருந்து வளைத்து எடுத்திருக்கிறேன், கீழே ஓடும் தண்ணீர் அதற்குள் இறங்காது. ஐப்பசி மழைக்காலத்தில் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு கிளியர் (வர்ணத்தின்மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) பூசுவதில்லை என்பதும் என் பாஸிடம் கற்ற விதி. வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதை மீறியதில்லை.

மலிவு என்று பிவிசி குழாயைப் பயன்படுத்துகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காற்றழுத்தத்தில் அது வெடித்தால் கண்ணாடிச் சில்லுபோலச் சிதறும்.

எண்ணெய் உள்ள பம்பா, எண்ணெய் இல்லாததா என்று கேட்பார்கள். நாளெல்லாம் ஓடும் வேலைக்கு எண்ணெய் உள்ளதுதான் உழைக்கும், சத்தமும் குறைவு, அடுத்த வீட்டுக் குழந்தை தூங்கும். வளையம் தேய்ந்தால் எண்ணெய் காற்றோடு வரும், வர்ணத்தில் மீன்கண்போலக் குழி குழியாக விழும். ஒரு வெள்ளைக் கடதாசியில் வெறும் காற்றை ஒரு நிமிடம் அடித்துப் பாருங்கள். கறை விழுந்தால் அன்றைக்கு வேலை தொடங்கவேண்டாம்.

உயிர் பற்றியும் இரண்டு விடயங்கள் சொல்லவேண்டும், ஆசிரியர் அவர்களே. தாங்கியின் அடியில் உள்ள டப்பைத் தினமும் திறந்து தண்ணீரை வடிக்காவிட்டால் தாங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே வர்ணம் புதிதாக இருக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். துளை விழுந்த தாங்கியை வெல்டிங் செய்து விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது வெடித்தால் சுவரையே தள்ளும். பழைய தாங்கி என்றால் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதித்த பிறகே பாவிக்கவேண்டும். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றுத் தாங்கிகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் ஒழுங்கைகளில் அதைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலர்.

மற்றது மூச்சு. இரண்டு பொருட்களைக் கலந்து அடிக்கும் கிளியரின் ஹாட்னரில், அதாவது அதை இறுகவைக்கும் திரவத்தில், ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சு இழுக்கும். என்னோடு மருதானையில் ஒன்றாகத் தொழில் கற்ற நண்பர் 50 வயதுக்கு முன்னரே கன்னைக் கீழே வைத்தார். நாங்கள் அப்போது முகத்தில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு அடித்தோம், யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடிதான் அந்த வேலைக்குப் பாதுகாப்பானது. அந்த முகமூடிக்கும் காற்று வேண்டும் என்பதைக் கொம்பிரசர் வாங்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பம்பின் காற்றை வடிகட்டாமல் மூச்சுக்குக் கொடுக்கவும் கூடாது, அதற்கென்று தனி வடிகட்டிகள் இருக்கின்றன.

தங்கள் பத்திரிகை மூலம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருட்களின் மேல் என்ன எழுதப்படவேண்டும் என்று வியாபாரிகளுக்குப் பணிக்கும் அதிகாரம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இருக்கிறது. கொம்பிரசர்கள் ஒவ்வொன்றிலும், 6 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு உண்மையாக வெளிவரும் காற்று எத்தனை லீற்றர் என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதவேண்டும் எனச் சபை பணிக்கவேண்டும். மருமகனுக்குக் கொடுத்த கையேடு சீனத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. தொழிற்பயிற்சி அதிகார சபையும் வாகன வர்ணம் பூசும் பயிற்சியில் தண்ணீர், தாங்கி, மூச்சு ஆகிய மூன்றையும் விளக்கித் தமிழில் ஒரு சிறு கைநூல் வெளியிட்டால், நான் என் செலவில் நூறு பிரதி எடுத்துக் கிராண்ட்பாஸிலும் மாளிகாவத்தையிலும் உள்ள கராஜ்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை மருமகனோடு வேறொரு கடைக்குப் போனேன். சோதித்துப் பார்த்துத்தான் வாங்குவோம் என்றதும் கடை முதலாளி மறுக்கவில்லை, தானே பிளக்கை மாட்டிக் கொடுத்தார். 3 குதிரைவலு, 100 லீற்றர் தாங்கி. 4 பாரிலிருந்து 7 பாருக்கு 75 விநாடி. மருமகன் அங்கேயே கணக்குப் போட்டு, 240 என்று மார்க்கர் பேனாவால் தாங்கியின்மேல் பெரிதாக எழுதினான். பழைய இயந்திரத்தை டயருக்குக் காற்று அடிக்கும் ஒருவர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார், அவருடைய வேலைக்கு அது போதும். அக்காவின் காப்புகள் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் எங்கள் குடும்பக் கதையை எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கடிகாரக் கணக்கை மட்டும் ஒரு எண்ணும் குறையாமல் வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
கார்களுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி,
கொழும்பு 14.